கட்டிலுக்கு அடியில் 282 புத்தகங்கள்! அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து எழுத்தாளர் ஆன வாலிபர் கதை

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறை. அதில் மூன்று கட்டில். ஓரத்துக் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகள். பெட்டிகளைப் பிரித்தால் உள்ளே புத்தகம், புத்தகம், புத்தகம்!

எல்லாம் ஒரே புத்தகம். எண்ணிப் பார்த்தால் 282 இருக்கும்.

எழுதியவர் அந்தக் கட்டிலில்தான் படுத்துத் தூங்குகிறார். வயது 26. சொந்த ஊர் உடன்குடி பக்கம். பாரிமுனையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணம், வெட்கம்!

அச்சடித்தது 300. விற்றது 18. அந்தப் பதினெட்டில் பதினொன்றை வாங்கியவர்கள் கடையில் கூட வேலை பார்ப்பவர்கள். மாதக் கடைசியில் முதலாளிக்கும் ஒன்று கொடுத்தார். முதலாளி அதை ரசீதுக் கட்டு பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறார்.

போனது எவ்வளவு?

"உங்கள் கதையை நாங்கள் நூலாக்குகிறோம். நீங்களும் எழுத்தாளர் ஆகலாம்!" செல்போனில் இப்படி ஒரு விளம்பரம் வந்தது. வாலிபர் போன் பண்ணினார். எதிர்முனையில் இனிக்க இனிக்கப் பேசினார்கள். கதையை அனுப்பச் சொன்னார்கள்.

அனுப்பிய மறுநாளே பதில்! "அற்புதம் சார். உடனே போட்டுடலாம்."

160 பக்க நாவலை ஒரே ராத்திரியில் படித்தார்களா? வாலிபர் யோசிக்கவில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் கணக்கு வந்தது. அச்சுக்கு இவ்வளவு, அட்டைப்படத்துக்கு இவ்வளவு, விளம்பரத்துக்கு இவ்வளவு. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனியாக 3 ஆயிரம். மொத்தம் 45 ஆயிரம் ரூபாய்!

ஊரில் அம்மாவிடம் சொன்னார். அம்மா கழுத்தில் இருந்த சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார்.

"புத்தகத்துல உன் பேரு வருதுல்லா? பொறவு என்ன, வச்சுக்கோ" என்றாராம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. புத்தகம் மேன்ஷனுக்கு வந்தது. விளம்பரம் எங்கும் வரவில்லை. அந்தப் போன் எண் இப்போது எடுப்பதும் இல்லை.

மெஸ்ஸில் கிடைத்த வாத்தியார்

அந்த மேன்ஷனுக்குப் பின்னால் ஒரு மெஸ். அங்கே தினமும் ராத்திரி சாப்பிட வருகிறார் ஒரு பெரியவர். வயது 70க்கு மேல். ஈய எழுத்து கோர்த்து அச்சடித்த காலத்திலிருந்து மெய்ப்புத் திருத்துகிறவர். பெரிய பெரிய எழுத்தாளர்களின் பிழைகளை எல்லாம் பார்த்தவர். ஆனால் ஒருவர் பெயரையும் வெளியே சொல்ல மாட்டார்.

வாலிபர் தன் புத்தகத்தை அவரிடம் கொடுத்தார். பெரியவர் மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தார்.

"தம்பி, கதையை அப்புறம் பேசலாம். மொதல்ல துட்டு கணக்கைப் பாரு" என்றார்.

விலை 180 ரூபாய். கடைக்காரருக்குக் கழிவு 35 சதவீதம் கொடுத்தால் கைக்கு வருவது 117. முந்நூறும் விற்றால் 35 ஆயிரத்து 100 ரூபாய். செலவு 45 ஆயிரம்.

"அத்தனையும் வித்தாலும் 9 ஆயிரத்து 900 ரூபா நஷ்டம்! இது புரியாமலா இரும்புக் கடையில கணக்கு எழுதறே?"

வாலிபர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவர் விடவில்லை. ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் 13 இலக்க எண். இந்தியாவில் இதைக் கொடுப்பது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய நிறுவனம். இதற்குக் கட்டணம் கிடையாது. சொந்தமாகப் புத்தகம் போடுகிற எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

"சும்மா கிடைக்கிற நம்பருக்கு மூவாயிரம் கொடுத்திருக்கே!"

கதை யாருக்குச் சொந்தம்?

வாலிபருக்கு ஒரு பயம். "ஐயா, கதையும் அவங்களுக்குச் சொந்தமாப் போயிருமோ?"

"எதுலயாவது கையெழுத்துப் போட்டியா?"

"இல்லை ஐயா. ரூபா மட்டும்தான் அனுப்பினேன்."

"அப்போ கதை உன்னோடதுதான். போ!"

1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒருவர் எழுதியது எழுதிய உடனே அவருக்குச் சொந்தம். எங்கும் பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. அந்த உரிமை அவர் ஆயுள் முழுவதும் உண்டு. அதற்குப் பிறகு இன்னும் 60 ஆண்டு அவர் வாரிசுகளுக்கு உண்டு.

உரிமையை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் எழுதியவரின் கையெழுத்து வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று அதில் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுதியவருக்கு எவ்வளவு ராயல்டி என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.

தமிழில் பொதுவாகப் பேசப்படும் ராயல்டி, விலையில் 10 சதவீதம். 180 ரூபாய் புத்தகத்துக்கு 18 ரூபாய். பெரிய பணம் இல்லை. ஆனால் அந்தப் பணம் பதிப்பாளரிடம் இருந்து எழுத்தாளருக்கு வர வேண்டும். எழுத்தாளரிடம் இருந்து பதிப்பாளருக்குப் போகக் கூடாது!

"இந்த ஒரு வழியை மட்டும் பாரு தம்பி. பணம் எந்தப் பக்கம் போவுதுன்னு பாரு. மீதி எல்லாம் தானாப் புரியும்" என்றார் பெரியவர்.

பார்க்காத பம்பாய்!

அடுத்த ராத்திரி கதைக்கு வந்தார்கள்.

நாவலின் கதாநாயகன் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். பம்பாயில் கடத்தல்காரர்களைப் பிடிக்கிறார். கப்பல் வெடிக்கிறது. ஹெலிகாப்டர் வருகிறது.

"பம்பாய் போயிருக்கியா?"

"போனதே கிடையாது ஐயா."

"போலீஸ் ஸ்டேஷன்?"

"அதுவும் இல்லை ஐயா."

"பின்னே எப்படி எழுதினே?"

"படத்துல பார்த்ததுதான்..."

பெரியவர் 71ஆம் பக்கத்தைத் திருப்பினார். அங்கே நாலே நாலு வரிக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் தன் அம்மாவை நினைத்துப் பார்க்கும் இடம். பனை மரத்திலிருந்து அப்பா விழுந்த அன்று, அம்மா அடுப்பை விட்டு நகராமல் பதநீர் காய்ச்சிக்கொண்டு இருந்தாள் என்று அதில் இருந்தது.

"இது எங்க இருந்து வந்துச்சு?"

வாலிபர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"அது நிஜம் ஐயா. எனக்கு அப்போ ஒன்பது வயசு. அப்பாவைக் கட்டில்ல போட்டுத் தூக்கிட்டுப் போனாங்க. அம்மா போகலை. பாகு பதத்துக்கு வந்துட்டு இருந்துச்சு. விட்டா கருகிரும். கருப்பட்டி ஆனாத்தான் கையில காசு. காசு இருந்தாத்தான் ஆஸ்பத்திரி. பாகை இறக்கி, சிரட்டையில ஊத்திட்டு, அப்புறம்தான் ஓடினா. ஊர்ல எல்லாரும் அவளைக் கல்நெஞ்சக்காரின்னாங்க."

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு மரம் ஏறவில்லை.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முட்டாள்! இதை நாலு வரியில எழுதிட்டு, ஹெலிகாப்டருக்கு நாப்பது பக்கமா?"

"சூரியன் உதிச்சா உனக்கென்ன?"

அந்த நாலு வரியைப் புதுச் சிறுகதையாக எழுதச் சொன்னார். பத்து நாளில் 19 பக்கம் வந்தது.

கிழக்கே சூரியன் உதிக்கிறான். பறவைகள் பாடுகின்றன. தென்றல் வீசுகிறது. ஒன்றரைப் பக்கம் இப்படியே போகிறது.

பெரியவர் பேனாவை எடுத்துக் குறுக்கே ஒரே கோடு இழுத்தார்.

"சூரியன் உதிச்சா உனக்கென்ன? சட்டி அடுப்புல இருக்குதா இல்லியா? அங்க ஆரம்பி!"

இன்னொரு இடத்தில், அம்மா சொல்லொணாத் துயரக் கடலில் ஆழ்ந்தாள் என்று இருந்தது.

"உங்கம்மா அழுதாங்களா?"

"இல்லை ஐயா."

"என்ன செஞ்சாங்க?"

"துடுப்பைப் பிடிச்சுக் கிண்டிக்கிட்டே இருந்தா. வாசலைப் பார்ப்பா. சட்டியைப் பார்ப்பா. மறுபடி வாசலைப் பார்ப்பா."

"அதை எழுது. கடலும் வேணாம், துயரமும் வேணாம். படிக்கிறவன் அவனே அழுதுக்குவான்."

இப்படி ஆறு தடவை திருத்தி எழுதினார். 19 பக்கம் 8 பக்கம் ஆனது!

செல்போன் பரீட்சை

பெரியவர் சொல்லிக்கொடுத்த வித்தைகள் ரொம்பச் சாதாரணமானவை. காசு செலவில்லாதவை.

எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும். வாய் தடுக்கும் இடத்தில் வாக்கியம் சரியில்லை என்று அர்த்தம். அறை நண்பர்களை உட்காரவைத்துப் படித்துக்காட்ட வேண்டும். அவர்கள் எந்த இடத்தில் செல்போனை எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த வரியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அங்கேதான் கதை தொய்கிறது!

"நல்லா இருக்குதான்னு எவனையும் கேக்காதே. நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான். கேக்கும்போது அவன் கை என்ன பண்ணுதுன்னு பாரு" என்றார்.

பேச்சு எழுதவும் பயிற்சி உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டில் போய் அரை மணி நேரம் நிற்க வேண்டும். காதில் விழுவதை அறைக்கு வந்து அப்படியே எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால் ஒன்று புரியும். நிஜ மனிதர்கள் முழு வாக்கியம் பேசுவதில்லை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதும் இல்லை!

மூன்றாவது பயிற்சி படிப்பு. எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896ல் திறந்தது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010ல் திறந்தது. இரண்டிலும் உட்கார்ந்து படிக்க யாரும் காசு கேட்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் லீவை அங்கே கழிக்கச் சொன்னார்.

பட்டம் வாங்காத பெரிய எழுத்தாளர்கள்

"நான் பெரிய படிப்புப் படிக்கலையே ஐயா" என்று வாலிபர் இழுத்தார்.

பெரியவர் கோபித்துக்கொண்டார். விரலை மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார்.

ஜெயகாந்தன் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்ச காலம்தான். சின்ன வயதில் சென்னைக்கு வந்து கம்யூனிஸ்டு கட்சி அலுவலகத்தில் வளர்ந்தவர். அச்சகத்தில் வேலை பார்த்தவர். அவருக்கு 1972ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. பிறகு ஞானபீட விருதும் தேடி வந்தது.

கி.ராஜநாராயணன் கோவில்பட்டி பக்கம் இடைசெவல் கிராமத்து விவசாயி. எழுத வந்ததே முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான். பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரியே எழுதினார். 1991ல் சாகித்ய அகாடமி பரிசு. கல்லூரிக்குப் போகாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராகக் கூப்பிட்டது!

பாமா 1992ல் 'கருக்கு' எழுதினார். சேரியில் தான் வளர்ந்த வாழ்க்கையை, தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். அது ஆங்கிலத்துக்குப் போய் அங்கேயும் பரிசு வாங்கியது.

"இவங்க யாரும் பார்க்காத ஊரைப் பத்தி எழுதலை. அவங்கவங்க சட்டியில இருந்ததை எடுத்து ஊத்தினாங்க" என்றார் பெரியவர்.

தோளில் மூட்டை சுமந்த செல்லப்பா

அப்படியானால் சொந்தக் காசில் புத்தகம் போடுவதே தப்பா? தப்பில்லை என்கிறார் அவர்.

சி.சு.செல்லப்பா ஜல்லிக்கட்டைப் பற்றி 'வாடிவாசல்' எழுதியவர். 1959ல் 'எழுத்து' என்ற பத்திரிகையைச் சொந்தமாகத் தொடங்கினார். பத்து ஆண்டுக்கு மேல் நடத்தினார். புத்தகங்களும் போட்டார். அவற்றை மூட்டையாகக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார்.

80 வயதைத் தாண்டிய பிறகு 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலையும் தானே வெளியிட்டார். 1998ல் காலமானார். அந்த நாவலுக்கு 2001ல் சாகித்ய அகாடமி பரிசு வந்தது. வாங்க அவர் இல்லை!

"செல்லப்பா யார்கிட்டயும் ஏமாறலை. என்ன செலவு, என்ன நஷ்டம்னு தெரிஞ்சே செஞ்சார். நீ தெரியாம செஞ்சே. வித்தியாசம் அதுதான்."

இப்போது 300 பிரதி அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தேவைக்கு மட்டும் அச்சடிக்கும் முறை வந்துவிட்டது. 30 பிரதி, 50 பிரதி கூட அடித்துக் கொடுக்கிறார்கள். விற்ற பிறகு மறுபடி அடிக்கலாம். கட்டிலுக்கு அடியில் அடுக்க வேண்டாம்!

மூன்றாவது கதவு திறந்தது

எட்டுப் பக்கக் கதை தயார் ஆனது. எங்கே அனுப்புவது?

"போடறவங்க எதைப் போடறாங்கன்னு மொதல்ல பாரு" என்றார் பெரியவர். ஒவ்வொரு பத்திரிகையிலும் கடைசி மூன்று நான்கு இதழ்களை வாங்கிப் படிக்கச் சொன்னார். கதை எத்தனை வார்த்தை? எந்த மாதிரிக் கதை? குடும்பக் கதை போடும் இடத்துக்குப் பேய்க் கதை அனுப்பினால் யார் போடுவார்கள்?

பிழை இல்லாமல் தட்டச்சு செய்ய வேண்டும். பெயர், முகவரி, போன் எண் போட வேண்டும். சொந்தக் கற்பனை, வேறு எங்கும் வரவில்லை என்று இரண்டு வரி உறுதிமொழி வேண்டும். 'நான் ஏழை, வாய்ப்புத் தாருங்கள்' என்று கண்ணீர்க் கடிதம் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு பத்திரிகைக்கு அனுப்பக் கூடாது. ஒரு பிரதி கையில் இருக்க வேண்டும். அனுப்பிவிட்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அதுவரை அடுத்த கதையை எழுத வேண்டும்.

முதல் பத்திரிகையில் இருந்து பதிலே இல்லை. இரண்டாவது இடத்தில் 'பிரசுரிக்க இயலவில்லை' என்று ஒரு வரி. வாலிபர் இரண்டு நாள் சாப்பிட வரவில்லை.

பெரியவர் மாடி ஏறி வந்துவிட்டார்.

"கடையில ஒருத்தன் ஆணி வாங்காம போனா, கடையை மூடிடுவியா? அடுத்த ஆள் வருவான். அனுப்பு!"

மூன்றாவதாக ஒரு மாதப் பத்திரிகைக்குப் போனது. ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. தலைப்பை மட்டும் மாற்றிப் போட்டார்கள். சன்மானம் சின்னத் தொகைதான். ஆனால் பணம் இந்தத் தடவை சரியான பக்கம் வந்தது!

அம்மா சொன்ன திருத்தம்

இப்போது வாலிபரிடம் நாலு கதை இருக்கிறது. இரண்டு வெளிவந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு சேர்ந்த பிறகுதான் புத்தகம் என்று பெரியவர் கட்டளை.

பொங்கல் சமயத்துப் புத்தகக் காட்சிக்கும் அவரை அழைத்துப் போனார். 1977ல் அண்ணா சாலையில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் 22 கடைகளோடு தொடங்கிய காட்சி அது. இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நூற்றுக்கணக்கான கடைகள். எந்தப் பதிப்பகம் எந்த மாதிரிப் புத்தகம் போடுகிறது, தாள் எப்படி, கட்டு எப்படி என்று கடை கடையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். புதுக் கதைகளை எங்கே அனுப்புவது என்று ஒரு பட்டியல் தயார்.

கதை வந்த பத்திரிகை உடன்குடிக்கும் போனது. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பெண் அதை அம்மாவுக்குப் படித்துக்காட்டினாள். அன்று ராத்திரி அம்மா போன் பண்ணினார்.

வாலிபர் பயந்துகொண்டே எடுத்தார். அம்மா அழவில்லை. பாராட்டவும் இல்லை.

"தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பார்க்காம எவ பாகை இறக்குவா? அதை எழுதாம விட்டுட்டியே! ஊர்ல படிக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அன்னைக்கு நான் ஏன் போகலைன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. அது போதும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சங்கிலி இன்னும் மீளவில்லை. மாதா மாதம் வட்டி கட்டுகிறார்.

பழைய புத்தகங்களை எடைக்குப் போடலாம் என்றார்கள் நண்பர்கள். வாலிபர் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளை வெளியே இழுத்தார். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். மேலே ஒரு பலகை போட்டார்.

இப்போது அதுதான் அவர் எழுதும் மேஜை!